‘போயிட்டு வாரேன்’ எந்த டென்ஸ்?

ஆகஸ்ட் 2, புதன்

காலையிலிருந்து மழை. துவைத்த துணியெல்லாம் உள்ளே கொடி கட்டி. வீடு முழுக்க ஈர நாற்றம். அப்பாவின் பனியன் சரியாக முருகன் படத்துக்கு முன்னால் தொங்குகிறது. முருகன் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா பி ஷிஃப்ட். மத்தியானம் ஃபாக்டரிக்குப் போனால் நான் தூங்கின பிறகுதான் வருகை.

செய்ய வேண்டியவை:
1. பால் கூப்பன்.
2. மண்ணெண்ணெய்.
3. டென்ஸ்.

மண்ணெண்ணெய் வாங்கியாச்சு. ஸ்டவ் எரிகிறது. டென்ஸ்தான் மண்டையில் பற்றவே மாட்டேன் என்கிறது.

ஏழாவது வரை பாளையங்கோட்டையில் தமிழ் மீடியம். அங்கே மூன்றே காலம். இறந்த, நிகழ், எதிர். முடிந்தது. இங்கே ஹைதராபாத்தில் பன்னிரண்டு. மூன்று காலத்தையும் நாலு நாலாக நறுக்கி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன், பூசணிக்காய் மாதிரி. தமிழில் காலம் இறந்துபோகும். இங்கிலீஷில் பாஸ்ட் ஆகும். நான் மட்டும் பாஸ் ஆக மாட்டேன்.

மிஸ் பெயர் ஹேவ்-ஹேஸ். வைத்தது நான். போலாரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார், குடையும் ஹீல்ஸுமாக. பெயர் பள்ளிக்கூடம் பூராவும் பரவிவிட்டது. யார் வைத்தது என்று அஃப்ரோஸைத் தவிர யாருக்கும் தெரியாது. என் பெஞ்சில் உட்காருகிறவள் அவள். இந்த ஊரில் எனக்கு இருக்கிற மொத்த ஜனத்தொகை.

எனக்கு மட்டும் புரிவதற்கு ஒரு பட்டியல்:
அப்பா – சிம்பிள் ப்ரெசன்ட். போவார், வருவார், சாப்பிடுவார், பேப்பர் படிப்பார். தினமும் அதேதான்.
பக்கத்து க்வார்ட்டர்ஸ் ரமணம்மா ஆன்ட்டி – ப்ரெசன்ட் கன்டின்யூவஸ். வாய் நிற்பதே இல்லை.
ஹேவ்-ஹேஸ் மிஸ் – பாஸ்ட் பர்ஃபெக்ட். அவர் படித்த கான்வென்ட்டில் எல்லாமே பர்ஃபெக்ட்டாக இருந்ததாம்.
அம்மா –

இதை அப்புறம்.

ரசத்தில் உப்பு இல்லை. சொல்ல ஆளும் இல்லை. போட்டுக்கொண்டேன்.


ஆகஸ்ட் 3, வியாழன்

மழை விட்டது. யூனிஃபார்ம் அரை ஈரம்.

இன்று மிஸ் சொன்னது: எப்போதும் இருப்பதற்கு ‘எஸ்’. கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றால் ‘இங்’. பெர்மனென்ட்டுக்கு லிவ்ஸ், டெம்பரரிக்கு இஸ் லிவிங். ஆளுக்கு இரண்டு வாக்கியம், வீட்டைப் பற்றி.

என் முறை. “மை ஃபாதர் வொர்க்ஸ் இன் தி ஃபாக்டரி. மை மதர் இஸ் லிவிங் இன் டிருநெல்வேலி.”

“லிவ்ஸ்.”

“நோ மிஸ். இஸ் லிவிங்.”

கிளாஸ் ‘ஊ’ என்றது. மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார். இது உங்கள் எல்லாருக்கும் உள்ள வியாதி என்று ஆரம்பித்தார். ஐயாம் நோயிங், ஐயாம் ஹேவிங், கோயில் மணி மாதிரி எல்லாவற்றின் வாலிலும் ஒரு இங். நான் உட்காரவில்லை. நீங்கள் இப்போது சொன்னதுதான் மிஸ், டெம்பரரி என்றால் இங் என்றேன். இங்கிலீஷில்தான் சொன்னேன். எந்த டென்ஸில் சொன்னேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மிஸ் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “இஸ் இட் டெம்பரரி?”

“யெஸ் மிஸ்.”

“தென் யூ ஆர் கரெக்ட். சிட்.”

ஜெயித்துவிட்டேன். பின் பெஞ்சிலிருந்து கிஷோரின் குரல்: “டெம்பரரி மதர்.” நாலு பேர் சிரித்தார்கள்.

திரும்பிப் பார்த்துச் சொன்னேன்: “கோ, வென்ட், கான். கிஷோர், கிஷோர்டு, கிழிஞ்சது.” கடைசி வார்த்தை தமிழ் என்பதால் அவனுக்குப் புரியவில்லை. எதையோ புரிந்துகொண்டு முறைத்தான்.

அஃப்ரோஸ் என் தொடையைக் கிள்ளினாள். “ஹவ். ஜீத் கயீ.” ஆமாம், ஜெயித்துவிட்டாயாம்.

டெம்பரரியா என்று எனக்கே தெரியாது. அது மிஸ்ஸுக்குத் தெரியாது.

தெரிந்ததை எழுதிவைக்கிறேன். அம்மா பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். அப்பாவோடு இருக்கலாம் என்று இரண்டு வருஷம் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தாள். லீவு தீர்ந்தது. ஜூனில் போய்ச் சேர வேண்டும், இல்லை ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். “ஆகஸ்ட் வரைக்கும் பாக்கேன். சரிப்படலைன்னா எழுதிக் குடுத்துட்டு வந்துருதேன்” என்று போனாள். ஆச்சி வீட்டு மாடியில் ஜாகை. இதோ ஆகஸ்ட்.


ஆகஸ்ட் 5, சனி

வெயில். துணி காய்ந்தது.

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். பம்ப் ஹவுஸ் சுவரில் கரும்பலகை. எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் தினமும் சாக்பீஸால் இங்கிலீஷில் எழுதுவார்: வாட்டர் வில் கம், சிக்ஸ் டு செவன். நான் ‘வில்’லை அழித்துவிட்டு ‘ஹேட்’ போட்டேன். ஒரே ஒரு வார்த்தை. ஜன்னலில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் ரமணம்மா ஆன்ட்டி, இரண்டு குடத்தோடு. படித்தார். மறுபடி படித்தார். “ஒச்சேசிந்தா? அய்யோ, நீள்ளு ஒச்சேசிந்தட!” தண்ணீர் வந்துவிட்டுப் போய்விட்டதாம். தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார். குடங்கள், வாளிகள், ஒரு குழந்தை குளிக்கிற தொட்டி எல்லாம் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பின. நானும் இங்கே யார் என் பேச்சைக் கேட்பார்கள் என்றிருந்தேன். ஒரு ‘ஹேட்’டை ஊரே கேட்கிறது.

அப்புறம் குழாயில் தண்ணீர் வந்தது. குழாயடியில் ஒரு ஆள் இல்லை. கொட்டிக்கொண்டே இருந்தது. தட்டைத் தட்டிக்கொண்டு “நீள்ளு, நீள்ளு” என்று தெருக்கோடி வரை ஓடினேன். “மஞ்சி பில்ல” என்று கன்னத்தைத் தட்டினார் ரமணம்மா ஆன்ட்டி. நல்ல பெண்ணாம்.

இதில் உச்சம் கிளார்க்தான். பலகை முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். தலையை ஆட்டினார். ‘ஹேட்’டை அழித்துவிட்டு ‘ஹேஸ்’ என்று திருத்தினார். போய்விட்டார்.

விழுந்து விழுந்து சிரித்தேன். ஆளில்லாத வீட்டில் என் சிரிப்பு சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோது யாருடையதோ மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டேன்.

அம்மா இருந்தால் முதலில் திட்டுவாள். “ஏட்டி, ஒனக்குப் புத்தி எங்கட்டு போவுது?” அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். முதுகு மட்டும் குலுங்கும். அந்த முதுகுக்காகத்தான் நான் எல்லாக் குறும்பும் செய்வேன்.

அப்பாவிடம் சொல்லலாம் என்று விழித்திருந்தேன். வந்தார். “தண்ணி புடிச்சியாட்டி?”

“ம்.”

“நல்லது.” படுத்துவிட்டார்.


ஆகஸ்ட் 7, திங்கள்

ரம்ஜான் நோன்பு ஆரம்பம். அஃப்ரோஸுக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாது. இனி ஒரு மாதம் நான் மட்டும் டப்பாவைத் திறக்க வேண்டும். மைதானத்து மரத்தடியில் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“கா, கா” என்றாள். சாப்பிடு என்கிறாள்.

“எங்க பாஷையில காக்காவைத்தான் இப்படிக் கூப்பிடுவாங்க.”

“அப்ப காக்கா, கா.” இரண்டு வருஷத்தில் என்னிடமிருந்து இவ்வளவு தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறாள். தயிர்சாதத்தைத் தின்ற மாதிரி செய்தேன். பசிக்கவில்லை.

“தேரி அம்மா கப் ஆரே?” என்றாள். அம்மா எப்போது வருகிறாள். காலையில் ரமணம்மா ஆன்ட்டியும் அதேதான்: “அம்ம எப்புடு ஒஸ்துந்தி?” இரண்டு பாஷையில் கேட்கிறார்கள். பதில் எந்தப் பாஷையிலும் என்னிடம் இல்லை.

டென்ஸில் என்னைவிட மோசம் ஹிந்திதான். நேற்றும் கல், நாளையும் கல். வழியெல்லாம் கல். தடுக்கி விழாமல் எப்படி நடப்பது?

அஃப்ரோஸ் வீட்டு உருதுவில் இன்னொன்று. பர்சோங். புத்தகத்தில் போட்டிருப்பது முந்தாநாள், இல்லாவிட்டால் நாளை மறுநாள். இந்த ஊரில் அப்படி இல்லை. “பர்சோங் எங்க மாமூ துபாய்லேருந்து வந்தாங்க” என்றாள் போன மாதம். பிரியாணி மிச்சம் இருக்குமா என்று கேட்டேன். மாமூ வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால்.

“அது எப்படிடீ பர்சோங்?”

“கைக்கு கணக்கு பார்க்கறே? பர்சோங்னா பர்சோங். எப்பவோ ஒரு நாள்.” கைக்கு என்றால் ஏன்.

இப்படி ஒரு டென்ஸ் இங்கிலீஷில் இருந்தால் நான் ஃபெயிலே ஆக மாட்டேன்.


ஆகஸ்ட் 8, செவ்வாய்

மூட்டம். தலைவலி. பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். சிம்பிள் பாஸ்ட்.

சாயங்காலம் துப்பறியும் வேலை. அம்மா எதை எடுத்துக்கொண்டு போனாள், எதை விட்டுவிட்டுப் போனாள்.

எடுத்துப்போனவை: இட்லித் தட்டு. சிவப்பு மைப் பேனா. ஆறு நூல் புடவை. வெளியே போகிற செருப்பு. சவுரி.

விட்டுப்போனவை: பட்டுப் புடவை இரண்டு. வீட்டுச் செருப்பு. ஒரு கொண்டை ஊசி (பாத்ரூம் ஜன்னலில்). நான்.

பட்டுப் புடவை நல்ல சாட்சி. இட்லித் தட்டு கெட்ட சாட்சி. மூன்று மாதத்துக்குப் போகிறவள் இட்லித் தட்டை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறாள்?

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி ஒன்று. இதுவரை எழுதாமல் இருந்தேன். ஜூனில் செகந்திராபாத் ஸ்டேஷனில் வண்டி கிளம்பியபோது அம்மா ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லவில்லை. ‘போறேன்’ என்றாள். அம்மா எங்கள் தெருவில் அப்படிச் சொல்லுகிற குழந்தைகளைத் தலையில் குட்டுவாள். கடைக்குப் போவதானாலும் ‘போயிட்டு வாரேன்’. பல் டாக்டரிடம் போவதானாலும் ‘போயிட்டு வாரேன்’. எழவு வீட்டுக்குப் போனால்தான் சொல்லக் கூடாது. அப்படிப்பட்டவள் ‘போறேன்’ என்றாள். அப்பா காதிலும் விழுந்தது. அப்பா பிளாட்ஃபாரத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அதற்கு முந்தின நாள் இரண்டு பேருக்கும் சண்டை. கதவைச் சாத்திக்கொண்டு. “வேலை வேணும்னா அங்கயே இருந்துக்கோ” என்று ஒரு வரி மட்டும் கேட்டது. அப்பா குரல்.

இன்று ரசம் சாப்பிடும்போது கேட்டேன். அப்பாவுக்கு வார லீவு, வீட்டில்தான் இருந்தார்.

“யப்பா, அம்மா எப்ப வாரா?”

“வருவா.”

“எப்ப?”

“ஆகஸ்ட் முடியட்டும்ட்டி.”

“‘வருவா’ன்னா வில்லா ஷேலா?”

“என்னது?”

“ஒண்ணுமில்ல.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே, “வியாழக்கெழமை போன் போடுவோம்” என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே.


ஆகஸ்ட் 10, வியாழன்

டவுன்ஷிப் போஸ்டாபீஸ். ட்ரங்க் கால். அப்பா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். பி.பி. கால், அதாவது சொன்ன ஆள் வந்தால்தான் பேச்சு. ஆச்சி வீட்டுக்குக் கீழே மளிகைக் கடை, அந்த நம்பர். கடைக்காரர் மாடிக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டும்.

காத்திருந்தோம், காத்திருந்தோம். பாஸ்ட் கன்டின்யூவஸ். அங்கே தபால்தலை ஒட்டுகிற பசையில் ஒரு எறும்பு சிக்கியிருந்தது. எடுத்துவிட்டேன். அப்பா பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார், வைத்தார், எடுத்தார்.

மணி அடித்தது. அப்பா “ஹலோ, ஹலோ” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி. “நல்லாருக்கியா? ம். ம். நான் நல்லாருக்கேன். மழை. ம். இந்தா, இவ பேசுதா.” எனக்குத் தெரிந்து பெண்டாட்டியிடம் வானிலை அறிக்கை படித்த முதல் மனிதர்.

நான் வாங்கினேன். பின்னால் லாரிச் சத்தம், யாரோ பருப்பு விலை கேட்கும் சத்தம். நடுவில் அம்மா.

“என்னட்டி, மெலிஞ்சிட்டியா?”

போனில் எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம். நல்ல பதில். தோன்றவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்த கிண்டல் எல்லாம் போயிற்று. “யம்மா, நீ எப்ப வார?” என்று மட்டும்தான் வந்தது.

கர் கர் என்று இரைச்சல். “வாரேன்” என்றாள். “வாரேன்ட்டி.” உடனே ஆபரேட்டர், “த்ரீ மினிட்ஸ் ஓவர்.” கட்.

அப்பா கேட்டார், “என்ன சொன்னா?”

“வாரேங்கா.”

“எப்ப?”

“சொல்லல.”

வரும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். வாரேன். ஐ கம். ஐயாம் கமிங். ஐ வில் கம். மூன்றும் அதுவே. போனை வைக்கும்போது சொல்லுகிற ‘சரி, வாரேன்’ கூட அதுவே. அப்படியென்றால் அது வருவதே இல்லை, வெறும் டாட்டா. இந்த ஒரு விஷயத்தில் வெள்ளைக்காரன் புத்திசாலி. ‘வாரேன்’ என்று அவனிடம் யாரும் இப்படித் தப்பித்துக்கொண்டு போக முடியாது.


ஆகஸ்ட் 11, வெள்ளி

டென்ஸ் டெஸ்ட். இருபது மார்க். கடைசிக் கேள்வி: உங்கள் குடும்பம், ஐந்து வாக்கியம்.

‘மை மதர் இஸ் லிவிங் இன் டிருநெல்வேலி’ என்றே எழுதினேன். பேனாவை அழுத்தி.

கிஷோர் மேஜைக்குள் நான் வைத்த வாழைப்பழத் தோல் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. மூன்று நாளாகிறது. நாற்றத்துக்கு அவன் தன் சாக்ஸைச் சந்தேகப்படுகிறான்.


ஆகஸ்ட் 13, ஞாயிறு

எழுத்து கோணல்.

காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், வாசலில் ஆட்டோ. அம்மா ஆட்டோக்காரனிடம் “ஏக், ஏக்” என்று விரலைக் காட்டிச் சண்டை. ஒரு ரூபாய் அதிகம் கேட்கிறானாம்.

பால் கீழே கொட்டவில்லை. கதையில்தான் கொட்டும். நான் பத்திரமாகத் திண்டில் வைத்துவிட்டு ஓடினேன்.

அம்மா மேல் ரயில் கரி வாசனை, அதற்குக் கீழே மல்லிகை, அதற்கும் கீழே சாக்பீஸ். கட்டிக்கொண்டே சாமானைப் பார்த்துவிட்டேன். அப்படிப் பார்க்கக் கூடாதுதான். ஒரு ஒயர் கூடை. ஒரு துணிப்பை. பெட்டி இல்லை. இட்லித் தட்டும் இல்லை.

கூடையில் அல்வா, குழம்புப் பொடி, எனக்கு ஒரு பாவாடைத் துணி.

அப்பா பனியனோடு வெளியே வந்தார். “வந்துட்டியா” என்றார். “வந்துட்டேன்” என்றாள். ப்ரெசன்ட் பர்ஃபெக்ட். இரண்டு பேரும் இரண்டு நிமிஷம் அதே டென்ஸில் நின்றார்கள்.


ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம். லட்டு. டவுன்ஷிப் மைதானத்தில் ரமணம்மா ஆன்ட்டி ‘ஒச்சேசிந்தி, அம்ம ஒச்சேசிந்தி’ என்று எல்லாரிடமும். தண்ணீருக்குச் சொன்ன அதே வார்த்தை.

அம்மா இரண்டு நாளாக ஓயாமல் பேசுகிறாள். இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை, இந்த ஊரில். அவள் கிளாஸில் ஒருத்தி பெருக்கல் வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாடுவாளாம். ஒரு பையன் ஒன்பதைத் தலைகீழாகத்தான் எழுதுவானாம், கேட்டால் ‘ஆறு பெருசாகி வந்திருக்கு டீச்சர்’ என்பானாம். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள், முந்தானை இல்லாமல், வாயைத் திறந்து. தண்ணீர்ப் பலகை கதையைச் சொன்னேன். அதே முதுகு குலுங்கியது. சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் அந்தப் பையன் மேல் எனக்குப் பொறாமை.

மத்தியானம் அப்பா தூங்கினார். அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்ட்டி. போன்ல சொல்லிருக்கலாம். நீ மூஞ்சியை எப்படி வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாதுல்லா.”

“தெரியும். வேலைய விடல.”

“யார் சொன்னா, அப்பாவா?”

“ஒயர் கூடை சொல்லுச்சு.”

அம்மா புடவையை உதறினாள். “ரெண்டு வருசம் இந்த வீட்டுல நான் யார்கிட்ட பேசினேன் சொல்லு. பால்காரன்கிட்ட ஏக். தண்ணி வந்துட்டுன்னா ஆயா. ரெண்டே வார்த்தை. நீயும் அப்பாவும் கெளம்பிப் போனப்புறம் செவுத்தப் பாத்துட்டு உக்காந்துருப்பேன். சாயங்காலம் நீ வந்து கதவத் தட்டும்போது, தொறக்கதுக்கு முன்னால தொண்டையக் கனைச்சிக்கிடுவேன். காலையிலேருந்து பேசாத தொண்டை பாரு.”

எனக்கு அது தெரியாது. அம்மா கனைப்பது கேட்டிருக்கிறேன். சளி என்று நினைத்திருந்தேன்.

“இப்ப நான் அப்படித்தான் இருக்கேன்” என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அவள் ஈரக் கையாலேயே என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். சோப்பு கண்ணில் பட்டு எரிந்தது. சோப்பால்தான்.

“நானும் அங்க வந்துரவா?”

“பத்தாங்கிளாஸ் நடுவுல எப்படிட்டி? பரீட்சைய முடி. அப்புறம் எங்க இருக்கணும்னு நீ சொல்லு, நாங்க சொல்லல.”

“அப்பா?”

“அவுக கூடப் பேசிட்டேன்.”

“சண்டையா?”

“இல்ல. பேச்சு.”

கூடத்தில் அப்பா திரும்பிப் படுக்கிற சத்தம். அவர் தூங்கவில்லை.

இங்கே அம்மா இருந்தாள். அங்கேதான் லிவ்ஸ். இதை அப்பாவும் கண்டுபிடித்துவிட்டார் போல. அதனால்தான் சண்டை வரவில்லை.


ஆகஸ்ட் 16, புதன்

பள்ளிக்கூடத்துக்கு மட்டம். செகந்திராபாத் ஸ்டேஷன். மெட்ராஸ் வண்டி.

கிளம்பும்போது கொல்லைக் கொடியில் அம்மாவின் பச்சைப் புடவை. சொட்டிக்கொண்டிருந்தது.

“இதை எடுத்துக்கலையா?”

“காயல. இருக்கட்டும்.”

ஸ்டேஷனில் நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அம்மா ஜன்னலில். வாய் ஓயவில்லை. குழம்புப் பொடியில் மறுபடி உப்பு போடாதே. பால் கூப்பன் கடைசித் தேதிக்குள். தலைக்கு எண்ணெய் வை. அப்பாவிடம், “பிள்ளைக்கு சனிக்கெழமையாவது நீங்க ஏதாச்சும் பண்ணிக்குடுங்க. அவகூட உக்காந்து பேசுங்க. அவ நல்லாப் பேசுவா, கேட்டதில்லையா நீங்க?” அப்பா தலையாட்டினார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பச்சை விளக்கு. அம்மா இன்னும் தயிர் உறை ஊற்றுவது பற்றி. வண்டி அசைந்தது. நான் கூடவே நடந்தேன். சொல்லு, சொல்லு என்று மனதுக்குள். தயிரிலிருந்து வெளியே வா.

அப்போதுதான் அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். கம்பியில் முகத்தை வைத்து ஏதோ சொன்னாள். எஞ்சின் ஊதியது. முதல் பாதி அதில் அமுங்கிவிட்டது.

‘போயிட்டு’ போயிட்டு. ‘வாரேன்’ மட்டும் கேட்டது.

பஸ்ஸில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. சிரிப்புதானா என்று நான் பார்க்கவில்லை.


ஆகஸ்ட் 18, வெள்ளி

டெஸ்ட் பேப்பர் வந்தது. இருபதில் பத்தொன்பது. கிளாஸில் இரண்டாவது. ‘இஸ் லிவிங்’ பக்கத்தில் சிவப்பு டிக்.

மணி அடித்த பிறகு ஹேவ்-ஹேஸ் மிஸ்ஸிடம் போனேன். குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

“மிஸ், இது தப்பு. லிவ்ஸ்.”

“யூ ஸெட் டெம்பரரி.”

“இல்லை மிஸ். பெர்மனென்ட்.”

என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம். மார்க்கைக் குறைக்கச் சொல்லி வந்த முதல் பெண் நீதான் என்றார், இங்கிலீஷில், ப்ரெசன்ட் பர்ஃபெக்டில். குறைக்கட்டுமா என்றார். குறையுங்கள் என்றேன். பேனாவைத் திறந்தார். டிக்கின் மேல் கோடு போட்டார். பதினெட்டு. அவர் பேசாமல் விட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. கையைத் தோளில் ஒரு தரம் வைத்தார், எடுத்தார். பஸ்ஸுக்கு ஓடினார், ஹீல்ஸோடு.

இனி அவருக்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

“கைக்கு?” என்றாள் அஃப்ரோஸ். “பைத்தியமா நீ? வந்த மார்க்கைத் திருப்பிக் குடுப்பாங்களா?”

“கைக்கு கணக்கு பார்க்கறே?”

சிரித்துவிட்டாள். இன்று நோன்பு திறக்க வீட்டுக்கு வா என்றாள். நக்கோ, வேண்டாம் என்றேன். ஹவ் என்றாள். நக்கோ, ஹவ், நக்கோ, ஹவ். போனேன்.

பேரீச்சம்பழம், பச்சைப்பயறு, வெங்காய பஜ்ஜி. எல்லாரும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். மசூதியில் பாங்கு கேட்டதும் எல்லாக் கையும் ஒரே சமயத்தில் பழத்துக்குப் போயிற்று. என் கையும். இத்தனை பேருடன் சேர்ந்து சாப்பிட்டு எத்தனை நாள்.

அஃப்ரோஸின் அம்மா என் தட்டில் இன்னொரு பஜ்ஜி வைத்தார். “அம்மா வந்துட்டுப் போயிட்டாங்களாமே. இனி கப் ஆரே?”

இரண்டு வாரமாக எல்லாரும் கேட்ட கேள்வி. இன்று என்னிடம் பதில் இருந்தது.

“பர்சோங்” என்றேன்.

“அச்சா, பர்சோங்” என்றார். எப்போது என்று மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல ஊர்.


ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலையில் வெயில். அப்பா உப்புமா செய்தார். கட்டி கட்டியாக. அஸ்திவாரத்துக்குப் போடலாம் என்றேன். “போடுதேன் உன் தலையில” என்றார். அப்புறம் எதிரே உட்கார்ந்து, “பலகைல என்னமோ எழுதினியாமே, உங்கம்மா சொன்னா. சொல்லு” என்றார். சொன்னேன். ‘ஹேஸ்’ வந்த இடத்தில் புரை ஏறிவிட்டது அவருக்கு.

சங்கு ஊதியது. ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் திடீர் மழை. ஓடிப்போய்க் கொடியில் இருந்ததை எல்லாம் அள்ளினேன். அப்பா வேட்டி, என் யூனிஃபார்ம், தலையணை உறை இரண்டு. பச்சைப் புடவை காய்ந்து நாலு நாளாகிறது. மடிப்பில் வெயில் பட்டு வெளுக்க ஆரம்பித்துவிட்டது. அதன் மேல் கையை வைத்தேன். மொடமொடவென்று இருந்தது. மழை பெரிதாகிக்கொண்டிருந்தது.

மற்றதை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். நன்றாக நனைந்துவிட்டது. சொட்டுகிறது.

இன்னும் காயவில்லை. இருக்கட்டும்.